அவர் அழுத்தாத பட்டன்

வெள்ளவத்தையில் தட்டச்சு செய்து கொடுக்கும் ஒரு கடையில் நான் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். முறைப்பாட்டுக் கடிதம், கலியாணக் காட், மரண அறிவித்தல் என்று எது வந்தாலும் தமிழில் அடித்துக் கொடுப்பது என் வேலை. படிப்பு பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. ஆட்களோடு முகம் பார்த்துக் கதைக்க எனக்குக் கூச்சம். விசைப்பலகையோடு இருப்பது சுகம். அதனால் அந்த வேலை எனக்குப் பொருந்திப் போயிற்று. திரையில் சேமிக்க ஒரு பட்டன், அச்செடுக்க ஒரு பட்டன், மூட ஒரு பட்டன் என்று நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருப்பேன். அவற்றை யாரோ உட்கார்ந்து செய்திருப்பார்கள் என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. கதவுக்குக் கைபிடி இருப்பதுபோல அவையும் அங்கே இருந்தன.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அப்படிப்பட்ட பட்டன்களை நானே செய்ய வேண்டி வந்தது.

அவர் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பியோனாக இருந்தவர். கோப்புகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது, கட்சிக்காரரை வரிசையில் இருத்துவது, தேநீர் வாங்கி வருவது எல்லாம் அவர் வேலை. இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் நரைத்த பிறகுதான் நின்றார். வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலம்தான். ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டு நின்றவரின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. நான் சொல்வது முழுக்க அவருக்கு விளங்கியது. பத்திரிகைத் தலைப்புகளை வாசித்தார். ஆனால் வாயைத் திறந்தால் ‘ப, ப’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதுவும் அடுத்த அறைக்குக் கேட்காது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. படங்கள் ஒட்டிய ஓர் அட்டையைத் தந்தார். தண்ணீர்க் கோப்பை, கட்டில், சோற்றுத் தட்டு. கணவர் விரலால் காட்ட வேண்டும், நான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த மிஸ் என்னை ஒரு பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னார். இவருக்குச் சரியாக இருமவும் பலமில்லை, சாப்பாடு புரைக்கேறலாம், கதிரையிலிருந்து சரியலாம், உங்களைக் கூப்பிட ஒரு வழி இல்லாமல் இவரைத் தனியே விட வேண்டாம். சிங்களத்தில் சொல்லிவிட்டு, எனக்கு விளங்கவில்லையோ என்ற பயத்தில் தமிழிலும் சொன்னார். “கூப்பிட வழி, அக்கா. கூப்பிட வழி வேணும்.”

அந்த அட்டை கூப்பிடாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு ஓர் ஒழுங்கையின் முடிவில் ரயில் பெட்டி போல நீளமாக இருக்கும். முன்னறை, நடு அறை, குசினி, அதற்கும் பின்னால் தண்ணீர்க் குழாய். காற்றுக்காக அவரை முன்னறையில் கதிரையில் இருத்துவேன். குசினியில் நின்றால் துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் இரைச்சல் கேட்கும். அவருடைய சத்தம் கேட்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சோறு வடிக்கும் நேரத்தில்கூட மூன்று தடவை, நான்கு தடவை முன்னுக்கு ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

இதைப் பார்த்து மச்சாள், அதாவது அவருடைய மூத்த சகோதரி, வெள்ளவத்தையிலிருந்து வந்து ஒரு முடிவைச் சொன்னார். களனிப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. இரவும் பகலும் ஆள் நிற்கும். அங்கே விடலாம்.

“உனக்கு ரெண்டு கால்தான் கிடக்கு. எத்தினை தரம் ஓடுவாய்?” என்றார். “நான் கெட்டதுக்குச் சொல்லேல்ல.”

கெட்டதுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். என் கணவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரோடு இருத்திவிட்டு நான் விடுமுறை முடிந்து கடைக்குப் போய், வேலையை வீட்டில் செய்து அனுப்பலாமா என்று கேட்ட நாளில், அங்கே என்னோடு வேலை செய்யும் இளம் பெண் விஷயத்தைக் கேட்டாள். வார இறுதியில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறவள். வாய் ஓயாதவள். என்னை அன்ரி என்பாள்.

“அன்ரி, அவருக்கு இடக்கை வேலை செய்யுதோ?”

“ஓம்.”

“மவுஸ் பிடிப்பாரோ?”

“தெரியேல்ல பிள்ளை.”

“பிடிச்சாரெண்டா பெரிய பெரிய பட்டனா செய்து விடலாம். அமத்தினா குரல் வரும். எங்கட கிளாஸில முதல் பாடமே அதுதான்.”

“எனக்கு இங்கிலீஷ் வராதே.”

“நீங்க இங்கிலீஷ் கதைக்கப் போறீங்களா? என்ர கிளாஸ் நோட்ஸைப் பார்த்து அடிக்கப் போறீங்கள். கலியாணக் காட்டில ஒரு புள்ளி கூடினாலும் கண்டுபிடிக்கிற ஆள். எனக்கு இந்தக் கண் இருந்தா நான் எப்பவோ பாஸ்.”

முதலாளி கடையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கம்பியூட்டர் ஒன்றைத் தந்தார். அதிலேயே கடை வேலையையும் செய்து அனுப்பச் சொன்னார். அவள் ஒரு மாலையில் எங்கள் வீட்டு வழியாக மட்டக்குளிக்குப் போகும் பஸ்ஸில் என்னோடு ஏறி, திரைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து, முன்னறையில் அவருடைய கதிரைக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டுப் பொருத்தித் தந்தாள். அவர் இடக்கையால் மவுஸைப் பிடித்து நகர்த்திப் பார்த்தார். அம்பு திரையில் குடிகாரன்போல் அலைந்தது. பிறகு மெல்லமெல்லப் பழகிற்று.

மத்தியானம் அவர் கண்ணயரும் நேரத்தில் அவள் தந்த நோட்ஸைப் பார்த்து நான் இருந்து பழகினேன். முதலில் ஒரு ஜன்னல் செய்ய வேண்டும். வெறுமையான சாம்பல் நிறச் சதுரம். அதற்குள் பட்டனை வைக்க வேண்டும். அதன் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்த இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லாததை அது செய்யாது. முதல் பட்டனில் ‘தண்ணி’ என்று தமிழ் எழுத்தில் வந்தபோது அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுத்தினேன். உள்ளே அமுங்கி வெளியே வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

போனில் கேட்டதற்கு அவள் சிரித்தாள். “பட்டன் வந்திட்டுது அன்ரி, அதுக்கு இன்னும் வேலை குடுக்கேல்ல. அமத்தினா என்ன செய்யிறதெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

அந்த வேலையைத் தனியாக ஓரிடத்தில் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, பட்டனைச் செய்யும் வரியில் அந்தப் பெயரைக் குறிப்பிட வேண்டும். எழுதினேன். குரல் வேண்டுமே. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, “தண்ணி வேணும்”, “நோகுது”, “பாத்ரூம் போகோணும்”, “ஃபானைப் போடும்” என்று சொல்லிப் பதிந்தேன். என் குரலைத் திருப்பிப் போட்டுக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. யாரோ தொண்டை கட்டிய பெண் போல இருந்தது.

எல்லாம் முடித்து அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரோகிராமைத் திறந்தேன். ஜன்னல் வருவதற்கு முன்னமே ஸ்பீக்கர் கத்தத் தொடங்கியது. தண்ணி வேணும், நோகுது, பாத்ரூம் போகோணும், ஃபானைப் போடும். ஒன்றன் பின் ஒன்றாக, யாரும் தொடாமலே. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ஜன்னல் வந்தது. பட்டன்கள் அழகாக நின்றன. அழுத்தினால் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

நான் பதறிப்போய் அவரைப் பார்த்தேன். அவருடைய வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியபடி, கண்ணில் தண்ணீர் வர, சத்தமில்லாமல் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அவர் சிரிக்கட்டும் என்று இன்னொரு தடவை திறந்து காட்டினேன்.

பிழை என்னவென்றால், பட்டனைச் செய்யும் வரியில் வேலையின் பெயருக்குப் பின்னால் ஒரு சோடி அடைப்புக்குறி போட்டிருந்தேன். அதைப் போட்டால் இப்போதே செய் என்று அர்த்தம். போடாவிட்டால், அழுத்தும்போது செய்ய வேண்டியது இது என்று அர்த்தம். அந்தச் சின்ன வளைவுகளை அழித்தேன். அதன் பிறகு பட்டன்கள் அவருடைய கைக்காகக் காத்திருந்தன.

தண்ணீர் கேட்டார். ஃபான் கேட்டார். நான் பக்கத்தில் நிற்கும்போதே நோகுது என்று அழுத்திவிட்டு, எங்கே என்று இடக்கையால் தொட்டுக் காட்டினார். எல்லாம் சரி. ஆனால் மிஸ் சொன்னது இதுவல்ல. நான் பக்கத்தில் இல்லாதபோது என்னைக் கூப்பிட ஒரு பட்டன் வேண்டும்.

அதற்குக் குரல் பதிய என்னால் முடியவில்லை. என்னவென்று பதிவது? கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் என்னை ‘இஞ்சாரும்’ என்பார். நான் அவரை ‘இஞ்சாருங்கோ’ என்பேன். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அந்த இரண்டு சொல்லும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. அவர் என்னைக் கூப்பிடும் சொல்லை என் வாயால் எனக்கே சொல்லிப் பதிவதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. கடையில் மேசையின் மேல், வாடிக்கையாளர் தட்டிக் கூப்பிட ஒரு சின்ன மணி இருக்கிறது. தலையில் தட்டினால் ‘டிங்’ என்னும். முடித்த வேலையைக் கொடுக்கப் போன ஒருநாள் அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து வந்தேன். மணிக்குச் சொல் தேவையில்லை. குசினி வரைக்கும் தெளிவாகக் கேட்கும்.

அதைப் பட்டனில் வைத்து முதன்முதலாக அடித்துப் பார்த்தபோது அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மணி கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்து, கதிரையின் கையைப் பிடித்து முன்னுக்குச் சாய்ந்தார். போதும் என்கிறார் என்று நினைத்தேன். கோப்பையில் பாதி கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பட்டனை அவர் அழுத்தவேயில்லை. குசினிக்குப் போகும்போது, “ஏதும் எண்டா மணியை அமத்துங்கோ” என்று சொல்லிவிட்டுப் போவேன். மணி கேட்காது. ஓடி வந்து பார்த்தால் தலையணை கீழே விழுந்து, கழுத்து நோவோடு இருப்பார். ஏன் அழுத்தவில்லை என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆஸ்பத்திரி மிஸ்ஸிடம் கேட்டேன். இவருக்குச் சில நேரம் வலப்பக்கத்தில் உள்ளது கண்ணில் படாமல் இருக்கலாம் என்றார். நான் மணியை வலப்பக்க மூலையில்தான் வைத்திருந்தேன். அதை இடப்பக்கம் மேலே கொண்டுவந்தேன். பெரிதாக்கினேன். சிவப்பு நிறம் கொடுத்தேன். அம்பு பட்டனின் மேல் வந்ததும் அது மஞ்சளாக மாற வேண்டும் என்று எழுதினேன். சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியத்தானே. அப்படியும் அந்த மணி சத்தமில்லாமலே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் பின்னால் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் போன பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் எங்கள் முன்கதவில் நின்று கத்தினாள். “அக்கே! மஹத்தயா வெட்டிலா!”

ஐயா விழுந்துவிட்டார் என்கிறாள். ஈரக் கையோடு ஓடினேன். கதிரைக்கும் மேசைக்கும் நடுவில், வலக்கை உடம்புக்குக் கீழே மடங்கிப் போய், கன்னம் தரையில் அழுந்தக் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாயால் எச்சில் வழிந்திருந்தது. இரண்டு பேருமாகப் பிடித்துத் தூக்கி இருத்தினோம். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனாள். அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

மவுஸ் மேசையின் மேலேயே இருந்தது. மணிப் பட்டன் மஞ்சளாக இருந்தது.

சரியத் தொடங்கியபோது அவர் அம்பை அதன் மேல் கொண்டுபோயிருக்கிறார். அங்கே நிறுத்தியிருக்கிறார். அழுத்தவில்லை.

அவர் ஆறிய பிறகு, பின்னேரம், மெல்லக் கேட்டேன். “தண்ணியை அமத்திக் காட்டுங்கோ.” அமத்தினார். தண்ணி வேணும் என்றது என் குரல். “மணியை அமத்துங்கோ.” அம்பு மேலே போயிற்று. பட்டன் மஞ்சளாயிற்று. அவருடைய விரல் மவுஸின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கை முடியாததல்ல என்று அப்போது தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை.

விழுந்த செய்தி கேட்டு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். கன்னத்தில் கன்றியிருந்ததைத் தடவிப் பார்த்தார். அவர் அழுகிற ஆள் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீ பட்டன் செய்து விளையாடு. அவன் நிலத்தில கிடக்கட்டும்.”

என் கணவருக்குச் சோறு குழைத்துத் தட்டை முன்னால் வைத்தேன். இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடத் தொடங்கினார். மச்சாள் மேசைக்குக் கிட்ட வந்து நின்றார்.

“களனிக்குப் போய்ப் பார்த்திட்டுத்தான் வாறன். துப்புரவான இடம். ஒவ்வொரு கட்டிலிலயும் மணி இருக்கு. அமத்தினா ஓடி வருகினம். இந்த மாசத்துக்குள்ள சொல்லச் சொல்லியிருக்கினம்.” பிறகு திரையைப் பார்த்தார். “இதிலயும் மணி ஒண்டு வைச்சிருக்கிறாய் என்ன. எங்க பார்ப்பம், வேலை செய்யுதோ எண்டு.”

மவுஸை எடுத்து அழுத்தினார். டிங்.

“அட! லோயர் ஐயா மாதிரி இருந்துகொண்டு மணி அடிக்கலாமே தம்பி. டிங் எண்டா ரீ. டிங் எண்டா வெத்திலை.” சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இன்னொரு தடவையும் அடித்தார்.

அவர் கரண்டியை வைத்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். இடக்கையால் கதிரையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். எழும்ப முடியாமல் மறுபடியும் இருந்தார். தட்டில் பாதிச் சோறு கிடந்தது.

நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். வேலைக்குப் போன காலத்தில் அவர் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பாதியாகத் திருப்பிக் கொண்டுவருவார். ஏன் சாப்பிடவில்லை என்று நான் கோபிப்பேன். “மணி அடிச்சிட்டுது” என்பார். சட்டத்தரணி அறைக்குள்ளிருந்து மணியைத் தட்டினால், வாயில் சோறு இருந்தாலும் எழும்பி ஓட வேண்டும். திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிட இருந்தால் மறுபடியும் மணி. கடைசி நாள்வரை அப்படித்தான். அந்தப் பார்சல்களை நான் எத்தனை மாலை விரித்துப் பார்த்திருக்கிறேன்.

மச்சாளுக்கு முன்னால் அவரிடம் கேள்வி கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“உங்கட ஒஃபிஸ் மணி மாதிரியோ?”

அவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“அதாலதான் அமத்தேல்லையோ?”

அவர் விரலால் திரையைக் காட்டினார். பிறகு அதே விரலால் என்னைக் காட்டினார். பிறகு அந்தக் கையை இல்லை, இல்லை என்று இரண்டு பக்கமும் ஆட்டினார்.

ஒழுங்கையில் ஒரு முச்சக்கர வண்டி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

“விசரன்” என்றார் மச்சாள். குரல் மாறியிருந்தது. “விழுந்து சாகப் போறான். அதுக்குள்ள இவளுக்கு மணி அடிக்கிறதோ இல்லையோ எண்டு யோசிக்கிறான்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

“அங்கயும் மணிதானே மச்சாள்” என்றேன். “அதையும் அமத்த மாட்டார்.”

மச்சாள் நியாயத்தை விளங்கிக்கொள்கிறவர்தான். ஆனால் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. “மணி வேண்டாமெண்டா என்னத்தை வைக்கப் போறாய்? பாட்டு வைப்பியோ? எதையோ வை. இவன் அமத்துறானோ எண்டு பார்ப்பம். மாசம் முடியிறதுக்குள்ள எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு.”

அடுத்த நாளே பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரோடு இருத்திவிட்டுக் கடைக்குப் போய், அந்த இளம் பெண்ணிடம் கேட்டேன். அவள் உடனே தன்னுடைய போனை எடுத்தாள்.

“இதில ஆம்பிளைக் குரல் இருக்கு அன்ரி. எழுதினா அப்பிடியே தமிழில சொல்லும். அவர் உங்களை எப்பிடிக் கூப்பிடுவார்?”

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு துண்டில் எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக் கண்ணை விரித்து, “அய்யோ, வடிவா இருக்கே” என்று தட்டினாள். ரயில் நிலைய அறிவிப்புப் போல, யாரோ ஓர் அந்நிய ஆண், இந்தியாக்காரர் கதைக்கிற மாதிரி, “இஞ்சாரும்” என்றார். படி எடுக்க வந்து நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு.”

“ஏன் அன்ரி? ஆள் நல்ல ஸ்மார்ட் போல கிடக்கு.”

“ஆரோ ஒரு மனுசன் என்னை வீட்டுக்குள்ள இருந்து கூப்பிடுறதோ?”

அவள் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். பிறகு நிமிர்ந்து, சிரிக்காமல் சொன்னாள். “அப்ப உங்கட குரல்தான் இருக்கு.”

மறுநாள் மத்தியானம் அவர் விழித்திருக்கும்போதே, கதவைச் சாத்தாமல், அவருக்கு முன்னால் நின்று பதிந்தேன். முதலில் ‘இஞ்சாரும்’ என்று சொல்லிப் பார்த்தேன். அவருடைய சொல்லை நான் களவெடுத்தது போல இருந்தது. போட்டுக் கேட்டபோது அவரும் புருவத்தைச் சுருக்கினார். அழித்தேன். பிறகு வேறு எதையும் யோசிக்காமல், குசினியில் நின்று அவரைக் கூப்பிடுகிற மாதிரியே, “இஞ்சாருங்கோ” என்றேன். போட்டேன். அவர் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினார். மறுபடியும் கேட்டார்.

பழைய மணியை அந்தப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு இதை வைத்தேன். அம்பு மேலே வந்தால் மஞ்சளாகிறதை அப்படியே விட்டேன். பட்டனின் மேல் எழுத்து என்ன போடுவது என்று தெரியவில்லை. ஒன்றும் போடாமல் விட்டேன். திரையில் எழுத்தில்லாத பட்டன் அது ஒன்றுதான். அவருக்கு அது தெரியும்.

அந்த வாரம் முழுக்க அது சத்தம் போடவில்லை. ஆனால் அவர் விழவும் இல்லை, தலையணை சரியவும் இல்லை. நான் ஓடி ஓடிப் பார்த்ததால் கூப்பிடத் தேவை வரவில்லையோ, இதையும் அவர் விரும்பவில்லையோ என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. அடுத்த வாரம் வேண்டுமென்றே ஓடிப் பார்ப்பதைக் குறைத்தேன். குசினியில் நிற்கும்போது காது மட்டும் முன்னறையில் இருக்கும். கறிக்கு உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

மாதம் முடிகிற நேரத்தில் ஒரு காலை மச்சாள் போன் எடுத்தார். நான் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

“களனியால கேட்கினம். கட்டில் ஒண்டு காலியா இருக்காம். பிடிச்சு வைக்கவோ விடவோ எண்டு இண்டைக்குச் சொல்லோணும். என்ன சொல்லட்டும்?”

“மச்சாள், இன்னும் கொஞ்ச நாள்...”

“கொஞ்ச நாள், கொஞ்ச நாள். அவன் அதை ஒருக்கா எண்டாலும் அமத்தினவனோ? அதைச் சொல்லு முதல்ல.”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. “இல்லை” என்றேன்.

“அப்ப நான் சொல்லுறதைக் கேள். நீ விழுந்தா அவனை ஆர்...”

“இஞ்சாருங்கோ.”

முன்னறையிலிருந்து வந்தது. மச்சாள் நிறுத்தினார்.

“ஆரது? வீட்டில ஆர் வந்திருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“உன்ர குரல் மாதிரிக் கிடந்துது. நீ என்னோட கதைக்கிறாய், அங்கால நீயே கூப்பிடுறாய்?”

“இஞ்சாருங்கோ” என்றது மறுபடியும்.

“அவர்தான் மச்சாள்” என்றேன். “அவர்தான் கூப்பிடுறார்.”

“நிண்டு எனக்குக் கதை சொல்லாதை. ஓடு!”

போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். அவர் வலப்பக்கமாகச் சரிந்து போயிருந்தார். தலை கதிரைக்கு வெளியே தொங்கத் தொடங்கியிருந்தது. இடக்கை மட்டும் மவுஸை விடாமல் பிடித்திருந்தது. அக்குளுக்குக் கீழே கை கொடுத்து நிமிர்த்தினேன். வலப்பக்கம் தலையணையை அழுத்தி வைத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். மூச்சு வாங்கி ஆறும் வரைக்கும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் “ஓம், வந்திட்டன், வந்திட்டன்” என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

திரும்பிப் போய்ப் போனை எடுத்தபோது மச்சாள் வைக்காமல் காத்திருந்தார்.

“என்னவாம்?”

“சரிஞ்சு போனார். விழ முதல் பிடிச்சு நிமித்திட்டன். இப்ப சரி.”

அந்தப் பக்கத்தில் வெள்ளவத்தையின் காலி வீதியில் போகும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

“சரி” என்றார். “கட்டில் வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து நிக்கிறன். நீ கொஞ்சம் படுத்து எழும்பு.”

வெங்காயம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. சட்டியை இறக்கி அடுப்பை நிறுத்தினேன். மணம் முன்னறை வரைக்கும் போயிருக்க வேண்டும். ‘ஃபானைப் போடும்’ என்று ஸ்பீக்கரில் என் குரல் கேட்டது. “வாறன்” என்று சொல்லிக்கொண்டு போனேன்.